செபிக்க முடியாதவர் விசுவாசத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது? பாசையூரிலிருந்து வந்த ஒரு கேள்வி

கேள்வி – பாசையூர் வாசகர், 18 பெப்ரவரி 2024

எனக்கு 34 வயது. கடற்தொழில் செய்கிறேன். மனைவிக்குக் கடந்த ஆவணியில் புற்றுநோய் என்று கண்டார்கள். தெல்லிப்பழைக்குச் சிகிச்சைக்குப் போய்வருகிறோம். 2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளம் கரையில் கிடந்த மாதங்களில் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. போன கிழமை வீட்டுக்கு வந்து செபித்த ஒரு குழுவினர், இந்த வீட்டில் விசுவாசக் குறைவு இருப்பதால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று மனைவியின் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவள் இரவில் நித்திரை கொள்வதில்லை. நான் செபிக்க வாய் திறந்தால் வார்த்தை வருவதில்லை. தவக்காலமும் தொடங்கிவிட்டது. விசுவாசத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கடவுள் சோதிக்கிறார் என்று மட்டும் எழுத வேண்டாம்.

18 பெப்ரவரி 2024, இரவு

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் எழுதுவதற்கு முன், உங்கள் மனைவிக்கு இன்றிரவே வாசித்துக் காட்ட வேண்டிய இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் கண்ட சீடர்கள், இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். இரண்டுமில்லை என்கிறார் இயேசு. லூக்கா 13 இல், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். நோயாளியின் கட்டிலருகே நின்று விசுவாசத்தை நிறுத்துப் பார்த்தவர்கள் இந்த இரண்டு பக்கங்களையும் புரட்டாமல் வந்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மீது கோபம் வருகிறது, அதை மறைத்து எழுத என்னால் முடியவில்லை.

மற்றதை நாளைக்கு எழுதுகிறேன். மின்சாரம் போய் வருகிறது.

19 பெப்ரவரி 2024

நான் மயிலிட்டியில் பிறந்தவள். 1990 யூனில் ஊரோடு வெளிக்கிட்டு, சில்லாலையில் பெரியம்மாவின் பின்வளவில் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு இருந்தோம். 1993 இல் என் அண்ணன் கிளாலி நீரேரியால் வன்னிக்குப் புறப்பட்டார். அந்த நாட்களில் குடாநாட்டை விட்டு வெளியே போக வேண்டிய சனம் இரவில் படகேறி அந்த நீரேரியைத்தான் கடந்தது. நடுவில் கடற்படையின் கையில் அகப்படாவிட்டால் மறுகரை. அண்ணன் மறுகரை சேர்ந்ததைக் கண்டேன் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை, சேராததைக் கண்டேன் என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

எங்கள் வீட்டில் இரவுச் செபமாலை ஒருநாளும் தவறியதில்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலம் என்பதால் எல்லார் வீட்டிலும் ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலின் அடியில் பஞ்சை அமத்தி, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, நூல்திரி ஒன்றை மேலே இழுத்துவிட்டால், பயற்றம் விதையளவு சுடர் ஒன்று நிற்கும். அந்தச் சுடருக்கு முன்னால் இருந்து செபத்தைத் தொடங்குவது அம்மாவின் வேலை. அண்ணனைப் பற்றிய செய்தி இல்லாமல் மூன்று கிழமை போன பிறகு, ஒரு நாள் அம்மா தொடங்கவில்லை. நாங்கள் முழந்தாளில் காத்துக்கொண்டிருந்தோம். திரி ஒருமுறை கறுத்துப் புகைந்தது. அம்மா போத்தலைச் சரித்து, நகத்தால் கரியைக் கிள்ளி எறிந்துவிட்டு, கையில் இருந்த செபமாலையை என் மடியில் வைத்தார்.

"நீங்கள் சொல்லுங்கோ. நான் இருக்கிறன்."

அவ்வளவுதான் சொன்னார். அதன் பின் நாற்பது நாளளவுக்கு அம்மா வாய் திறந்து செபிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு இரவும் அதே பாயில், அதே இடத்தில், எங்களோடு இருந்தார். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பதெல்லாம் ஏறக்குறைய இதற்குள் அடங்கிவிடும். வார்த்தை வராவிட்டால் இன்னொருவரைச் சொல்லச் சொல்லுங்கள், நீங்களும் மனைவியும் பக்கத்தில் இருங்கள்.

21 பெப்ரவரி 2024

மேலே நான் காட்டிய லூக்கா 13 இல் அடுத்த வரியை விட்டுவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. நீங்கள் மனந்திரும்பாவிட்டால் எல்லாரும் அப்படியே அழிவீர்கள் என்று அந்த வசனம் தொடர்கிறது. அந்த வரி கோபுரத்தைப் பற்றிக் கதைகேட்டு நின்றவர்களை நோக்கிச் சொல்லப்பட்டது. அதன் கீழ் கிடந்தவர்களை நோக்கிச் சொல்லப்படவில்லை. வந்து செபித்த குழுவினர் அந்தச் சொல்லைத் தங்கள் பக்கம் திருப்பியிருக்க வேண்டும்.

அதே நபர், சுகமாக்கப்பட்டவர்களிடம் உன் விசுவாசம் உன்னைக் குணமாக்கிற்று என்று இயேசு பலமுறை சொல்லியிருக்கிறாரே என்றும் கேட்கிறார். சொல்லியிருக்கிறார். ஆனால் மாற்கு 2 ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கிவந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். அங்கே இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை" என்று பன்மையில் எழுதியிருக்கிறது. கட்டிலில் கிடந்தவன் அதுவரைக்கும் ஒரு வார்த்தையும் பேசியதாக மாற்கு எழுதவில்லை. உங்கள் மனைவி கட்டிலில் கிடப்பவர், தம்பி. கூரையைப் பிரிக்கும் வேலையை அவர் செய்ய வேண்டியதில்லை.

25 பெப்ரவரி 2024, ஞாயிறு

சில்லாலை என்று எழுதியதிலிருந்து அந்த ஊரின் பழைய கதை மனதில் நிற்கிறது.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, குருவை ஒளித்துவைத்தால் தண்டனை. ஏறக்குறைய முப்பது வருடம் அப்படியே போனது. ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, கலியாணம் கட்டித் தன் பிள்ளையையும் பெற்றெடுக்கும் காலம் அது. 1687 இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலிக்காரனைப்போல உடுத்திக்கொண்டு, வயிற்றுளைவால் சாகும் நிலையில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். உடம்பு தேறியதும் செபமாலையைக் கழுத்தில் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அதைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்துத்தான் கத்தோலிக்க வீடுகளை அடையாளம் கண்டார். பிறகு சில்லாலை அவருக்கு இருப்பிடமானது. 2015 சனவரி 14 ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த அன்று நான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அழுதேன்.

எல்லாரும் யோசேப் வாஸ் அடிகளாரின் துணிவைப் பேசுகிறார்கள். நான் நினைப்பது அந்தச் செபமாலையைக் கண்டு முகம் மாறிய வீட்டுக்காரரை. முப்பது வருடம் ஒரு பிரசங்கமும் கேளாதவர்கள், பகலில் ஒல்லாந்தரின் கோவிலில் பேர் பதிந்துகொண்டு வந்தவர்களும் அவர்களுக்குள் இருந்திருப்பார்கள், தங்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்றுதான் அவர்களும் எண்ணியிருப்பார்கள். ஆனால் யாரோ ஒரு கிழவி யாரோ ஒரு பேரப்பிள்ளைக்குச் செபத்தைப் பாடமாக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அதனால்தான் முகம் மாறியது.

1544 இல் மன்னாரில் சங்கிலி மன்னன் கொன்ற அறுநூறு பேரளவிலான கிறிஸ்தவர்களை நினைத்துப் பார்க்கும்படி இன்னொருவர் உங்களுக்கு எழுதியிருக்கிறார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆயினும் வேதசாட்சிகளை நோயாளியின் வீட்டுக்குள் கொண்டுவரும்போது அவர்களைப் பிரம்பாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2 மார்ச் 2024

முக்கியமான ஒரு திருத்தம். 19 ஆம் திகதி எழுதியதைப் பிரான்சில் இருக்கும் என் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தொலைபேசியிலேயே என்னை மறித்தார்.

"நாற்பது நாளோ? ஒரு வருசத்துக்கு மேலடி. நீ பள்ளிக்கூடத்தில படிப்பிக்கப் போயிடுவாய், உனக்கெங்க தெரியும்."

அக்கா சொன்னது இது. காலையில் நான் வேலைக்குப் போன பிறகு அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு சில்லாலைக் கோவிலுக்குப் போவாராம். முற்றம் முழுவதையும் கூட்டுவாராம், வேப்பஞ்சருகுகளை ஒதுக்கிக் குவித்துத் தணல் வைப்பாராம். கோவிலுக்குள் போகமாட்டாராம். படிவரைக்கும் கூட்டிவிட்டு, படியிலேயே கொஞ்சநேரம் இருந்துவிட்டுத் திரும்பி வருவாராம். முப்பது வருடமாக நான் அம்மா பாயில் சும்மா இருந்தார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு நாளும் கோவிலுக்கு நடந்திருக்கிறார்.

ஏன் செபிக்கவில்லை என்பதற்கும் அக்காவிடம் காரணம் இருந்தது. அம்மாவுக்கு எந்தச் செபத்தைச் சொல்வது என்று தெரியவில்லை. உயிரோடு இருப்பவருக்குச் சொல்லும் செபம் வேறு, மரித்தவரின் ஆத்துமாவுக்குச் சொல்லும் செபம் வேறு. ஆத்துமா இளைப்பாற்றிக்காக மன்றாடினால் மகனைத் தன் வாயாலேயே சாகடித்ததாகிவிடும். சுகமாய் வந்து சேர வேண்டும் என்று மன்றாடினால், ஒருவேளை இறந்து கிடப்பவனை இளைப்பாற்றியில்லாமல் விட்டதாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் அம்மாவின் வாய் கட்டிப்போயிருக்கிறது. வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் எத்தனை பேர் இதே இடத்தில் இன்னும் நிற்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதை அவிழ்த்தவர் அப்போது பங்கில் இருந்த சுவாமியார். பூசைக் கருத்து எழுதும் கொப்பியில், பெயருக்கு எதிரே இன்ன கருத்துக்காக என்று எழுதுவது வழக்கம். அவர் அண்ணனின் பெயரை மட்டும் எழுதினார். எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டார். "அவர் எங்க நிக்கிறார் எண்டு ஆண்டவருக்குத் தெரியும், அம்மா. நாங்கள் பேரைச் சொல்லுவம்" என்றாராம். அந்தப் பூசையில்தான் அம்மா ஒரு வருடத்துக்குப் பிறகு கோவிலுக்குள் போயிருக்கிறார்.

ஆகவே முதல் குறிப்பில் எழுதிய "நான் இருக்கிறன்" என்பதை இப்போது வேறுவிதமாகக் கேட்கிறேன். சும்மா இருத்தல் என்று நான் விளங்கிக்கொண்டது பிழை.

3 மார்ச் 2024

பாசையூர்த் தம்பிக்கு நடைமுறையான இரண்டு விடயங்கள், மறந்துபோக முன்.

பங்குச் சுவாமியாரைக் கூப்பிட்டு மனைவிக்கு நோயில்பூசுதல் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பெற்றோர் இதை அவஸ்தைப்பூசுதல் என்று சொன்னதால், சுவாமியார் எண்ணெயோடு வீட்டுக்கு வந்தால் ஆள் தப்பாது என்ற பயம் இன்றும் சனத்திடம் இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அது கடும் நோயுற்ற எவருக்கும் உரியது என்பதைத் திருச்சபை தெளிவாகச் சொல்லிவிட்டது. சத்திரசிகிச்சைக்கு முன்னரும் பெறலாம், நோய் கடுமையானால் மீண்டும் பெறலாம். மனைவி பயந்துவிடாதபடி இதை முதலே சொல்லிவையுங்கள். யாக்கோபு 5 ஆம் அதிகாரத்தில் நோயாளி செய்ய வேண்டியதாகச் சொல்லப்பட்டது சபையின் மூப்பரைக் கூப்பிடுவது மட்டுமே. எண்ணெய் பூசிச் செபிப்பது மூப்பரின் கடமை.

தெல்லிப்பழைக்குப் போய்வரும் செலவை வின்சென்ட் டி போல் சபையினரிடம் சொல்லுங்கள். அவர்கள் செய்யும் பணியே இதுதான். வெட்கப்பட வேண்டாம்.

9 மார்ச் 2024

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவை எழுதச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். அதைப் பற்றி எல்லாரும் நிறைய எழுதிவிட்டார்கள் என்பதால், இந்தக் கேள்விக்குத் தேவையான துண்டை மட்டும் எழுதுகிறேன்.

போர் நெருங்கி வர, ஒலிபெருக்கியில் ஊரை விட்டு வெளியேறச் சொன்னதும் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. இலட்சக்கணக்கான சனம், செம்மணிக்கும் நாவற்குழிக்கும் இடையில் கால் வைக்க இடமில்லை, மேலே மழை. சைக்கிள் கரியரில் உரப்பை, உரப்பையின் மேல் என் இரண்டு வயது மகள். ஓர் அடி வைத்தால் அடுத்த அடிக்கு எவ்வளவு நேரம் என்று தெரியாது. குடை வைத்திருந்தவர்கள் அதைக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணீர் ஏந்திக் குடித்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் வந்த சைவக் குடும்பத்து அம்மா ஒருவர், என்னைக் கேளாமலே தன் சீலைத் தலைப்பால் என் மகளின் தலையை மூடிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பாலத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு ஆண்குரல் செபமாலையைத் தொடங்கியது. பழைய செபம்தான்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க." என்னிடம் அப்போது விசுவாசம் என்று சொல்லக்கூடியது எதுவும் இருந்ததாக நினைவில்லை. மகளுக்கு இன்னும் எத்தனை பிஸ்கட் மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் குரல் பாதியில் நின்றதும் என் வாய் மற்றப் பாதியைச் சொன்னது: "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே." எனக்கு முன்னும் பின்னும் இருட்டில் நின்றவர்களும் சொன்னார்கள். அம்மாவும் சொன்னார், நான் காதால் கேட்டேன்.

செபமாலையை நாங்கள் எப்போதும் இரண்டு பங்காகத்தான் சொல்லி வந்திருக்கிறோம். முதற்பாதியை ஒருவர், மறுபாதியை மற்றவர்கள். தனியே சொல்பவர் மற்றவரின் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்கு வார்த்தை வரவில்லை என்று எழுதியபோது, தம்பி, இரண்டு பாதியையும் நீங்களே சொல்லப் பார்க்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றியது.

11 மார்ச் 2024

அது வெறும் பழக்கம், அதை விசுவாசம் என்று சொல்லலாமா என்று கேள்வி வந்திருக்கிறது. நியாயமான கேள்வி. இரண்டு நாளாக யோசித்தேன்.

1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் பெரும்பாலான இடங்களில் "நம்பிக்கை" என்று இருக்கிறது. நல்ல தமிழ்தான். ஆனால் நான் பழைய "விசுவாசம்" என்ற சொல்லை விட விரும்பவில்லை. எங்கள் பேச்சில் ஒருவரை விசுவாசமானவர் என்றால், அவர் மனதில் எதை நம்புகிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. விட்டுப் போகாதவர் என்றுதான் விளங்கிக்கொள்கிறோம். எபிரேயத்தில் நீதிமான் தன் விசுவாசத்தினால் பிழைப்பான் என்று ஆபகூக் சொல்லும் இடத்தில் வரும் சொல் எமுனா. அதே சொல் யாத்திராகமம் 17 இலும் வருகிறது. அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது மோசேயின் கைகள் அசந்துபோகின்றன. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை இருத்தி, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமும் கைகளைத் தாங்குகிறார்கள், சூரியன் மறையும்வரை அவருடைய கைகள் நிலையாக இருந்தன என்று எழுதியிருக்கிறது. அங்கே "நிலை" என்று நாம் வாசிப்பது எமுனா. மோசேயின் சொந்தப் பலம் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது.

பழக்கம் என்பதற்கும் வருகிறேன். ஆம், என் வாய் பழக்கத்தால்தான் சொன்னது. அந்தப் பழக்கத்தை எனக்குள் வைத்தது அம்மாவின் இருபது வருட இரவுகள். அதைச் சிறிதாக எண்ண என்னால் முடியாது. ஆனாலும் அந்தக் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது. பழக்கம் மட்டுமே மிஞ்சி, கடவுளோடு ஒரு வார்த்தையும் பேசாமல் வாழ்நாள் முழுவதையும் போக்கிவிடலாம். அம்மா அப்படி முடிக்கவில்லை. பழக்கம் அவரைக் கோவில் படிவரைக்கும்தான் கொண்டுபோனது.

17 மார்ச் 2024

எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்த ஒன்று. ஆனால் இதை விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

1995 யூலை 9 ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் கோவில்மீது விமானப்படை குண்டு வீசியது. ஆலயங்களில் போய்த் தங்குங்கள் என்று சனத்துக்கு அறிவித்திருந்தார்கள்; சனம் நம்பி வந்து தங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் அன்று மாலை அங்கே போய் உடல்களைத் தூக்கினார். அப்போது அவருக்கு 22 வயது. பீடப்பணியாளராக வளர்ந்தவர், தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை எங்கள் ஊர் இராகத்தில் அவரைப்போல வாசிக்க ஒருவரும் இல்லை. அந்த மாலைக்குப் பிறகு அவர் பூசைக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. "கோவிலுக்குள்ளயே விட்டவர், அக்கா" என்று ஒரேயொருமுறை என்னிடம் சொன்னார். விட்டவர் என்று அவர் சொன்னது விமானமோட்டியை அல்ல என்பது எனக்கு விளங்கியது.

அவருக்கு நான் பதில் சொன்னதில்லை. சிலுவையில் இயேசுவும் ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய கைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொரு கார்த்திகை 2 ஆம் திகதியும், ஆத்துமாக்கள் திருநாளன்று, அவர் மண்வெட்டியோடு சவக்காலைக்கு வருகிறார். எங்கள் குடும்பத்துக் கல்லறைகளை மட்டுமன்றி, பார்க்க ஆளில்லாத கல்லறைகளையும் செதுக்கிச் சுத்தமாக்கி, வெள்ளை மணல் போட்டுவிட்டு, சுவாமியார் மந்திரிக்க வருமுன் போய்விடுகிறார். அம்மா முற்றம் கூட்டியதை அக்கா சொன்ன நாளிலிருந்து இதையும் அதோடு சேர்த்து நினைக்கிறேன். ஆனால் அவரை விசுவாசி என்று நான் இங்கே எழுதினால் அது அவருக்குச் செய்யும் மரியாதைக்குறைவு. அவர் போனவர் போனவராகவே இருக்கிறார், நான் அவருடைய பெயரை ஒவ்வோர் இரவும் சொல்கிறேன்.

18 மார்ச் 2024

மேலே உள்ளதில் ஒரு திகதித் திருத்தம். எழுத்தில் "கார்த்திகை 2" என்று வந்திருப்பது நவம்பர் 2. எங்கள் பக்கத்தில் மாதங்களை இப்படிச் சொல்வது வழக்கம். வெளிநாட்டில் வளர்ந்த ஒரு பிள்ளை குழம்பிப்போய்க் கேட்டிருந்தார்.

25 மார்ச் 2024

குருத்தோலை ஞாயிறன்று பாசையூர்த் தம்பி தனிப்பட எழுதியிருந்தார். அவருடைய அனுமதியோடு இரண்டு விடயங்களை மட்டும் சொல்கிறேன். பக்கத்து வீட்டு மாமி ஒருவர் எட்டு நாளாக இரவு ஏழரைக்கு வந்து செபமாலையைத் தொடங்குகிறார். தம்பி இன்னும் வாய் திறப்பதில்லை. மனைவியின் கட்டிலில் கால்மாட்டில் இருக்கிறார். மூன்றாம் நாள், செபமாலையின் மூன்றாம் காரணிக்கத்தில், அதாவது மூன்றாம் பத்தில், மனைவி நித்திரையாகிவிட்டாராம், விடியும்வரை எழும்பவில்லையாம். மாமி மிச்சத்தை மெதுவான குரலில் சொல்லி முடித்துவிட்டுப் போனாராம்.

நோயில்பூசுதலுக்கு மனைவி முதலில் மறுத்திருக்கிறார். பிறகு, இந்தக் குறிப்புகளை வாசித்துவிட்டு, பெரிய வியாழனுக்கு முன் வரச் சொல்லுங்கோ என்றிருக்கிறார்.

29 மார்ச் 2024, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வந்திருக்கிறேன். நெடுநேரம் நின்றதால் கால் வீங்கியிருக்கிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

திருப்பாடல்களில் 88 ஆவது ஒன்று இருக்கிறது. மற்றப் புலம்பல் பாடல்களில் பெரும்பாலானவை முடிவிலாவது ஒரு துதிக்குத் திரும்பிவிடும். எதுவரைக்கும் என்று தொடங்கும் 13 ஆவது பாடல்கூட ஆறே வசனத்தில் பாட்டுக்கு வந்துவிடுகிறது. 88 திரும்புவதில்லை. இருளில் தொடங்கி, தோழரும் அறிமுகமானவரும் இல்லாத இருளிலேயே முடிகிறது. அதையும் செபம் என்று ஏற்று, விவிலியத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாடலில் நடப்பதெல்லாம் ஒருவர் பகலிலும் இரவிலும் கடவுளை நோக்கிக் கத்துவதுதான். நீர் செய்தீர், நீர் தள்ளினீர் என்று நேரே முகத்துக்குச் சொல்வதுதான்.

இன்று கோவிலில் கிழவிமார் வியாகுலப் பிரசங்கத்துக்கு ஒப்பாரியாக அழுதார்கள். மாதாவின் மடியில் கிடத்திய மகனுக்காக அழுதபோது, ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் பெயரையும் இடையில் நுழைத்து அழுதாள். நானும் அண்ணனின் பெயரைச் சொன்னேன். கோவிலில் ஒருவரும் எங்களை நிறுத்தச் சொல்லவில்லை. கோவிலுக்கு வெளியே எங்கள் சனத்துக்கு இப்படிச் சத்தமாக அழ இடமிருக்கவில்லை என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

கடவுள்மீது கோபமாக இருக்கிறதா என்று தம்பியிடம் நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். இருந்தால் அதை அவருக்கே சொல்லுங்கள். 88 ஐ எடுத்து வாசித்தாலும் போதும்.

1 ஏப்ரல் 2024

நேற்று உயிர்ப்புப் பூசைக்கு மயிலிட்டிக்குப் போய்வந்தோம். 2017 யூலையில் துறைமுகப் பக்கத்தை இராணுவம் விட்டபோது எங்கள் வளவைக் கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். வீடு இருந்த இடத்தில் ஒரு கல்லும் இல்லை. அம்மா 2011 இலேயே இறந்துவிட்டார், அதனால் அதைக் காணவில்லை. இப்போது என் கூடப்பிறந்த தம்பியின் குடும்பம் அங்கே சிறிய வீடொன்று கட்டியிருக்கிறது. முன்விறாந்தையில் இருந்து பார்த்தால் கடல் தெரிகிறது. மகள், பேத்தி, நான் மூவரும் கிணற்றடியில் இருந்து சோறு சாப்பிட்டோம்.

பூசைக்கு முன் கருத்துக் கொப்பியில் அண்ணனின் பெயரை எழுதினேன். ஏறக்குறைய முப்பது வருடமாக எதிர்ப்பக்கத்தை வெறுமையாகத்தான் விடுகிறோம். கொப்பி எழுதிய இளம்பிள்ளை, இது ஆத்துமாவுக்கோ, நன்றிக்கோ என்று கேட்டார். பெயரை மட்டும் வாசியுங்கோ மகன் என்றேன். சரியென்று தலையாட்டினார்.

அடுத்த வரியில் உங்கள் மனைவிக்காகவும் எழுதினேன், தம்பி. பெயர் தெரியாததால் "பாசையூர்ப் பிள்ளை" என்று எழுதியிருக்கிறேன். சுவாமியார் அப்படியே வாசித்தார். செவ்வாய்க்கிழமை தெல்லிப்பழைக்குப் போகும் நாள் என்று எழுதியிருந்தீர்கள். அன்றிரவு ஏழரைக்கு மாமி உங்கள் வீட்டில் தொடங்கும் நேரத்துக்கே நாங்களும் இங்கே தொடங்குகிறோம். மறுபாதியை எங்களிடம் விட்டுவிடுங்கள்.